எடை நின்றுவிட்டதா? தட்டைக் குறைக்கும் முன் கணக்கைப் பாருங்கள்

முதல் இரண்டு மாதம் எல்லாம் நினைத்தபடி நடக்கும். காலையில் முக்கால் மணி நேர நடை, இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, காபியில் சர்க்கரை கிடையாது, முறுக்கு டப்பா பக்கம் போவதே இல்லை. ஐந்தாறு கிலோ இறங்கிவிடும். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்க வேண்டிவரும். பார்க்கிறவர்கள் எல்லாம் ‘இளைச்சுட்டீங்களே’ என்பார்கள். அப்புறம் ஒரு நாள் எடை மெஷின் ஒரே எண்ணில் நின்றுவிடும். நடையும் அதே நடை, சாப்பாடும் அதே சாப்பாடு, ஆனால் மூன்று வாரமாக எந்த மாற்றமும் இல்லை. அந்த நிலையில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டு நடையை இரண்டு மடங்காக்குகிறார்கள். இல்லையென்றால் ‘என் உடம்பு வாகு இதுதான்’ என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டுமே வேண்டாம். எடை நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டுச் சமையலறையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பிறகுதான் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதை முதலில் பார்ப்போம். எடை மெஷின் கொழுப்பை மட்டும் காட்டுவதில்லை. தண்ணீர், குடலில் இருக்கும் உணவு, மலம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாக மாற்றி ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. மொத்தம் அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ சரசரவென்று இறங்குவது இதனால்தான். அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு அதுவே தொடரும் என்று எதிர்பார்ப்பதால் பிறகு வருகிற ஏமாற்றம் பெரிதாகிறது. மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ டயட்டில் இறங்கியவர்களுக்கு முதல் பத்து நாளில் கிடைக்கும் பூரிப்பிலும் பெரும்பங்கு இந்தத் தண்ணீருடையதுதான்.

இதே தண்ணீர் திரும்பியும் வரும். ஒரு கல்யாணச் சாப்பாடு, ஊறுகாயும் அப்பளமுமாக ஓர் உப்பான நாள், இரண்டு நாள் மலச்சிக்கல், ஓர் இரவுப் பேருந்துப் பயணம் என்று எது நடந்தாலும் மறுநாள் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டலாம். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ ஏறி, பிறகு இறங்குவது சாதாரணம். புதிதாக ஜிம்முக்குப் போகத் தொடங்கியவர்களுக்குத் தசைகள் வலியெடுத்துச் சரியாகும் வரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று வாரம் எடை கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து ஜிம்மை நிறுத்தியவர்கள் நிறையப் பேர்.

ஆகவே ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்ததும், எதையும் குடிப்பதற்கு முன் எடை பாருங்கள். தினமும் பார்த்து ஏழு நாளின் சராசரியை எடுத்து வையுங்கள். தினமும் பார்த்தால் மனம் கலங்கும் என்பவர்கள் வாரம் ஒரு முறை, அதே கிழமையில், அதே நேரத்தில் பார்த்தால் போதும். பெண்கள் இந்த மாத எடையைப் போன மாதத்தின் அதே சுழற்சி நாளோடு ஒப்பிடுவது நல்லது. இடுப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. எடை அசையாமல் இடுப்பு மட்டும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் கொழுப்பு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

நான்கு வாரச் சராசரியும் அசையவில்லை, இடுப்பும் அசையவில்லை என்றால் உண்மையிலேயே நின்றிருக்கிறது. அப்போது கணக்குக்கு வருவோம்.

42 வயது, 158 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டு வேலை, கொஞ்சம் நடை எல்லாம் சேர்த்து அவர் உடல் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 1,950 கலோரி. அவர் 1,550 கலோரி சாப்பிடுகிறார். தினமும் 400 கலோரி பற்றாக்குறை. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருப்பதால், மாதம் ஒன்றரைக் கிலோ குறையும். ஐந்தாறு மாதத்தில் 70 கிலோவுக்கு வந்துவிடுகிறார்.

இந்த 70 கிலோ உடலுக்கு 78 கிலோ உடலுக்கான தீனி தேவையில்லை. எட்டுக் கிலோ குறைவாகச் சுமக்கும் உடல் மூச்சு விடவும், மாடி ஏறவும், அதே தெருவை நடந்து முடிக்கவும் குறைவாகவே செலவழிக்கும். ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் 78 கிலோ உள்ளவர் சுமார் 270 கலோரி எரிப்பார். 70 கிலோவில் அதே நடைக்கு 245தான். இவை போக, எடை இறங்கும்போது உடல் தன் செலவைக் கணக்குக்கு மேலும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து அவருடைய அன்றாடச் செலவு இப்போது 1,770 கலோரி அளவில் இருக்கும். அதே 1,550 கலோரியைத் துளியும் பிசகாமல் சாப்பிட்டாலும் பற்றாக்குறை 220 ஆகிவிட்டது. மாதம் ஒன்றரைக் கிலோ குறைந்த இடத்தில் இனி முக்கால் கிலோவும் சொச்சமும்தான் குறையும்.

இதை மேலே சொன்ன தண்ணீரோடு சேர்த்துப் பாருங்கள். மாதம் முழுக்கக் குறைவது ஒரு கிலோவுக்கும் கீழே. ஒரே வாரத்தில் தண்ணீர் ஏறி இறங்குவதோ ஒன்றிரண்டு கிலோ. எடை ‘நின்றுவிட்டது’ என்று வருந்துகிறவர்களில் ஒரு சாராருக்கு உண்மையில் எடை மெதுவாகக் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் குறைவு தண்ணீருக்கு அடியில் மறைந்துகிடக்கிறது. நான்கு வாரம் பொறுக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

பசியும் சும்மா இருப்பதில்லை. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 1994-ல் கண்டுபிடித்தார்கள். உடலில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பத்து வாரம் கடும் டயட்டில் இருந்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோதும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அந்த ஆய்வு 2011-ல் வெளியானது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ 100 கலோரி அளவுக்கு உயர்கிறது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தின் கெவின் ஹால் குழு 2016-ல் கணித்தது. எடை குறைத்தவர்களைப் பார்த்து ‘உனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது படிக்க வேண்டும். எட்டுக் கிலோ குறைத்தவர் எண்ணூறு கலோரிப் பசியோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

கூடும் பசியால்தான் நமக்கே தெரியாமல் அளவும் கூடுகிறது. முதல் மாதத்தில் டீஸ்பூனால் அளந்து ஊற்றிய எண்ணெய் நான்காவது மாதத்தில் பாட்டிலிலிருந்து நேராக வாணலிக்கு இறங்குகிறது. எண்ணிச் சாப்பிட்ட கடலை, கைக்கு வந்த அளவாகிறது. 1992-ல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு நடந்தது. 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று நொந்துபோயிருந்த பத்துப் பேரை மருத்துவர்கள் துல்லியமான முறைகளால் அளந்து பார்த்தார்கள். அவர்களின் உடல் கலோரியைச் செலவழிக்கும் விதத்தில் குறையே இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வாய்க்குள் போவதில் பாதி மனித நினைவில் தங்குவதே இல்லை. உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான்.

சமையலறையில் தேட வேண்டிய இடங்கள்

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். நம் சமையலில் கலோரி அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. ஒரு மேசைக்கரண்டி 120. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயோ, ஆலிவ் எண்ணெயோ, நாட்டு மாட்டு நெய்யோ, எல்லாமே கிராமுக்கு ஒன்பது கலோரிதான். தோசைக்கு மேலே சுற்றிவிடுவது, பொரியலுக்குத் தாளிப்பது, சாம்பாருக்கு ஒரு தாளிப்பு, சட்னிக்கு இன்னொன்று என்று நான்கு இடத்தில் போகிறது. தனித்தனியாக அளப்பது சிரமம் என்றால் மாதக் கணக்காகப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. அது மட்டும் 270 கலோரி. அதை நான்கிலிருந்து இரண்டரை லிட்டருக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொருவருக்கும் நாளைக்கு நூறு கலோரி குறையும். ஒருவரும் பசியோடு எழுந்திருக்கப் போவதில்லை. இதை வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்வது நல்லது. சமைக்கிறவர் ஒருவர் மட்டும் தனக்கென்று எண்ணெய் இல்லாத பொரியலைத் தனியாகச் செய்துகொண்டால் அது ஒரு மாதம்கூட நீடிக்காது.

அடுத்தது தேங்காய். நூறு கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி. கெட்டிச் சட்னியைக் கிண்ணம் நிறைய வைத்து இட்லியைத் தோய்த்துச் சாப்பிடுகிறவர்கள் இட்லியை மட்டும் எண்ணுகிறார்கள். தக்காளிச் சட்னிக்கோ, புதினாச் சட்னிக்கோ, வெறும் சாம்பாருக்கோ வாரத்தில் நான்கு நாள் மாறலாம்.

‘உடம்புக்கு நல்லது’ என்ற பெயரில் வரும் பண்டங்களை நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் ஒரு மேசைக்கரண்டித் தேனும் கலந்து குடித்தால் 60 கலோரி உள்ளே போகிறது. கொழுப்பு ஒன்றும் கரைவதில்லை. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை இரண்டும் எடை விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கு உறவினர்களே. தினை, சாமை, வரகு எல்லாம் நல்ல தானியங்கள். நார்ச்சத்து உண்டு, வயிறு நிறைந்தாற்போல இருக்கும். ஆனால் சமைக்காத நூறு கிராமில் 330 முதல் 350 கலோரி வரை இருக்கிறது, ஏறக்குறைய அரிசிக்குச் சமம். சிறுதானியம்தானே என்று கூடுதலாக ஒரு கரண்டி போட்டுக்கொண்டால் கணக்கு இடிக்கும். சப்பாத்தியும் அப்படியே. எண்ணெய் தடவிய இரண்டு சப்பாத்தி சுமார் 280 கலோரி. இருநூறு கிராம் சோறு 260. இரவில் சப்பாத்திக்கு மாறியதால் எடை குறைந்தது என்றால், மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டவர் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிட்டார் என்பதுதான் காரணம். சோறு பிடித்தவர்கள் தாராளமாகச் சோற்றுக்கே திரும்பலாம். சமைத்த சோற்றை ஒரே கிண்ணத்தால் அளந்து, காய் இரண்டு மடங்காகப் போட்டுக்கொண்டால் போதும்.

வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், 170 கலோரி. சத்தான தீனிதான். டிவி பார்த்துக்கொண்டே டப்பாவிலிருந்து எடுத்தால் மூன்று கைப்பிடி போய்விடும். கிண்ணத்தில் எடுத்துவைத்து, டப்பாவை அலமாரியில் பூட்டிவிட்டு வந்து உட்காருங்கள். சமையல் செய்கிற பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது: உப்புப் பார்த்தது, பிள்ளைகள் மிச்சம் வைத்த அரைத் தோசை, வீணாகக் கூடாதே என்று வழித்துச் சாப்பிட்ட கடைசிக் கரண்டி. இவற்றை அவர்கள் யாரும் சாப்பாடாக எண்ணுவதில்லை. உடல் எண்ணுகிறது. அந்த மிச்சத்தைப் பிள்ளையின் அடுத்த வேளைக்கு எடுத்துவைப்பதில் தவறே இல்லை.

பிறகு சனியும் ஞாயிறும். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 300 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 1,500 சேரும். சனிக்கிழமை இரவு பரோட்டாவும் சால்னாவும், ஞாயிறு மதியம் பிரியாணியோடு சிக்கன் வறுவல், மாலையில் பஜ்ஜி என்று நாளுக்கு 750 கலோரி கூடினால் அந்த 1,500 அப்படியே கரைந்துபோகும். ஐந்து நாள் பட்டினி கிடந்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று அழுகிறவர்களுடைய வாரத்தை எழுதிப் பார்த்தால் பல நேரம் இந்த உருவம்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. குடும்பமே சேர்ந்து உட்காரும் ஒரே வேளை அது. சனிக்கிழமையை மட்டும் வார நாளாக்கிவிடுங்கள். பிரியாணி ஒரு தட்டு, கூடவே தயிர் வெங்காயம், வறுவல் வேண்டாம். இந்த ஏற்பாட்டோடு பல வருடம் வாழ முடியும்.

இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதினால் போதும். சாப்பிட்ட உடனே எழுத வேண்டும், இரவில் நினைவுபடுத்தி எழுதினால் பாதி விட்டுப்போகும். எழுத அலுப்பாக இருந்தால் தட்டைக் கைபேசியில் படம் எடுங்கள். வாரக் கடைசியில் அந்தப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது எங்கே நூறு, எங்கே இருநூறு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நாளொன்றுக்கு 200 கலோரி குறைக்க வழி கிடைத்தால் போதும், அதற்கு மேல் வெட்டப் போகாதீர்கள்.

ஏன் அதற்கு மேல் கூடாது?

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார். பஞ்சத்தில் அடிபட்ட மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்கான சோதனை அது. ஆறு மாதம் அவர்களுக்குத் தினமும் சுமார் 1,570 கலோரி உணவு. வாரம் 35 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் கால் பங்கு போயிற்று. கூடவே இதயத் துடிப்பு மந்தமானது, கோடையிலும் குளிர் நடுக்கியது, கால் வீங்கியது, முடி கொட்டியது. பேச்செல்லாம் சாப்பாடாகவே ஆனது; சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பச் சாப்பாடு கிடைத்ததும் எவ்வளவு தின்றும் அடங்காத பசி வந்தது. கொழுப்பு முன்பிருந்த அளவைத் தாண்டியும் சேர்ந்தது.

அந்த இளைஞர்கள் உண்டது 1,570 கலோரி. இன்று நம் ஊரில் 800 கலோரிக்கு டயட் சார்ட் எழுதித் தருகிறவர்களும், காலையில் ஒரு மாவு, இரவில் ஒரு மாவு என்று டப்பா விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் அந்த அளவுக்கு இறங்கவே கூடாது. அமெரிக்காவில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ டிவி போட்டியில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தபோது, அவர்கள் உடல் எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தது. 2016-ல் வெளியான அந்த ஆய்வில் பெரும்பாலோர் எடையில் பெரும்பகுதியைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். நிதானமாக ஏழெட்டுக் கிலோ குறைத்தவர்களுக்கு இவ்வளவு பெரிய சுருக்கம் வராது. தலைசுற்றல், எப்போதும் குளிர்வது, கொத்தாக முடி கொட்டுவது, மாதவிலக்கு தள்ளிப்போவது, எந்நேரமும் சாப்பாட்டு நினைவு என்று ஏதாவது வந்தால் ஏற்கெனவே அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள். உங்களுக்கு நான் சொல்வது உணவைக் கூட்டுங்கள் என்பதுதான்.

கூட்ட வேண்டியது என்று எல்லோருக்குமே ஒன்று உண்டு: புரதம். எடை குறையும்போது போவதெல்லாம் கொழுப்பாக இருப்பதில்லை, குறைகிற எடையில் கால் பங்கு வரை தசையாகவும் இருக்கலாம். நமக்கு இது கூடுதல் கவலை. 2004-ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) ஒன்றே, 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2. பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் நம்மவர்களுக்கே தசை குறைவு, கொழுப்பு அதிகம். இருக்கிற தசையையும் டயட்டில் இழந்தால் சர்க்கரை நோய்க்குத்தான் வழி.

நம் வழக்கமான சைவச் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் நாற்பது, நாற்பத்தைந்து கிராம் புரதம் தேறும். எடை குறைக்கிற 70 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலே, நாளைக்கு 75, 80 கிராம் இருந்தால் நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் மீனில் 20, இருநூறு கிராம் தயிரில் 6 முதல் 7, ஐம்பது கிராம் பனீரில் 9, இருபத்தைந்து கிராம் சோயா உருண்டையில் 13. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டிய நிலை இருந்தால், கெட்டிப் பருப்பாகச் செய்யுங்கள். மாலை நேரத்துக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துக்கொள்ளலாம். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம் பாட்டிகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கொள்ளு கொழுப்பைக் கரைப்பதில்லை. ஆனால் நூறு கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதமும் நல்ல நார்ச்சத்தும் உள்ள பயறு அது, சாப்பிட்டால் நெடுநேரம் பசிக்காது.

சாப்பிட்ட புரதம் தசைக்குப் போக வேண்டுமென்றால் தசைக்கு வேலை வேண்டும். நடை நல்லதுதான், ஆனால் பல மாதமாக அதே வேகத்தில், அதே பூங்காவை, அதே நண்பர்களோடு பேசிக்கொண்டே சுற்றினால் உடலுக்கு அது பழகிவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வலுப்பயிற்சி சேருங்கள். ஜிம் வசதி இல்லாவிட்டால் வீடே போதும். கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, பழகியபின் அதையே சமையல் மேடையில் சாய்ந்து செய்வது, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் வைத்துத் தூக்குவது. ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று சுற்று. எளிதாகிவிட்டது என்று தோன்றும்போது பாரத்தைக் கூட்ட வேண்டும். மூட்டு வலி, ரத்த அழுத்தம், இதயத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். தசை வளர்ந்தால் தூங்கும்போதும் கலோரி எரியும் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்பி இதைச் செய்யாதீர்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குப் பத்துப் பதினைந்து கலோரிதான். ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்வது, முழங்காலைத் தாங்குவது, அறுபது வயதில் கீழே விழாமல் காப்பது ஆகியவை தசையின் பெரிய நன்மைகள்.

காலை நடையை முடித்த நிம்மதியில் மீதி நாளை உட்கார்ந்தே கழிப்பதும் எடை நிற்க ஒரு காரணம். டயட்டில் இருக்கும் உடல் தன்னையறியாமல் அசைவைக் குறைத்துக்கொள்ளும். மாடிக்குப் பதில் லிஃப்ட், எழுந்து போய் எடுப்பதற்குப் பதில் ‘கொண்டு வா’ என்ற குரல். கைபேசியில் காலடி எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் மாதத்தைவிடக் குறைந்திருந்தால், நடை நேரத்தை நீட்டாமல், மதியமும் இரவும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்து சரிக்கட்டலாம்.

தூக்கத்தையும் இதில் சேர்க்க வேண்டும். சிகாகோவில் நடந்து 2010-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த உணவு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். குறைந்த மொத்த எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றே. தூக்கம் குறைந்தபோது போன கொழுப்பு மட்டும் பாதிக்கும் கீழே இறங்கியது. மீதி தசையிலிருந்து போனது. நாலரை மணிக்கு எழுந்து நடக்கப் போகிறவர் இரவு பன்னிரண்டு வரை சீரியலும் ரீல்ஸும் பார்த்தால் நடையின் பலனில் பாதியைத் தானே விட்டுக்கொடுக்கிறார்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இரண்டு மாதம் அசைவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டுக்கு டிஎஸ்எச் பரிசோதனை, மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்குப் பிசிஓடி பரிசோதனை செய்யலாம். தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் தண்ணீரே அதிகம். இருபது கிலோவை அதன் தலையில் போட முடியாது. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் காட்டுங்கள். இன்சுலின், கிளிமெபிரைடு போன்ற சில சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, மனநலத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள். இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவர்கள் மருந்தளவைச் சரிசெய்யாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

ஆறு மாதமாகக் கட்டுப்பாட்டிலேயே இருந்து களைத்தவர்களுக்கு இரண்டு வாரம் இடைவேளை எடுக்கச் சொல்வேன். அந்த இரண்டு வாரம் எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் அளவுக்குச் சாப்பிட வேண்டும். நமது எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு அது 1,770 கலோரி. விருந்து என்று எண்ணிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில் இப்படி இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவேளை என்று மாறி மாறி இருந்த ஆண்கள், தொடர்ந்து டயட்டில் இருந்தவர்களைவிட அதிகம் குறைத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் மனம் ஓய்வெடுக்கிறது, குறைத்த எடையைத் தக்கவைக்கும் பழக்கமும் வருகிறது. குறைப்பதைவிடத் தக்கவைப்பதே கடினம் என்பதால் அந்தப் பயிற்சிக்கு நான் அதிக மதிப்புத் தருகிறேன்.

இப்போது எல்லோரும் கேட்கும் எடை குறைப்பு ஊசிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செமாகுளூட்டைடு பசியை நன்றாகவே அடக்குகிறது. 2021-ல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. அந்த ஊசியிலும் ஒரு வருடம் தாண்டியதும் எடை ஓரிடத்தில் நிற்கத்தான் செய்கிறது. ஊசியை நிறுத்தியவர்கள் ஒரே வருடத்தில் குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். அதிக உடற்பருமனோடு சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கு அது உண்மையான உதவி. 70 கிலோவில் நின்றுவிட்ட எடையை 65 ஆக்குவதற்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எங்கே நிறுத்திக்கொள்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தொடங்கிய எடையில் ஏழு சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்து, வாரம் 150 நிமிட உடற்பயிற்சியோடு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 2002-ல் வெளியான முடிவு அது. நம் சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கண்காணித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நமக்கு நெருக்கமானது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை.

ஆகையால் அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் மூன்றையும் கேட்டு வாங்கி, எடை குறைக்கத் தொடங்கியபோது எடுத்த அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை இறங்கியிருந்தால், எடை எந்த எண்ணில் நின்றிருந்தாலும், அதே சாப்பாட்டோடும் அதே நடையோடும் தொடரலாம்.